சமாதிக்கு எதிரே ஒரு கல்பெஞ்சு

விருதுநகரில் எங்கள் ஆட்களுக்குச் சொந்தமான மயானத்தை யாரும் மயானம் என்று சொல்வதில்லை. தோட்டம் என்பார்கள். அதைக் குறை சொல்லிப் பயனில்லை. அது தோட்டமாகத்தான் இருந்தது. ஊருக்கு மேற்கே கரிசல் காட்டுக்கு நடுவில் செம்மண்ணை லாரி லாரியாகக் கொட்டி, வேம்பும் புங்கையும் வரிசையாக வைத்து, பாதைகளில் ஆற்று மணல் பரப்பியிருந்தார்கள். நடுவில் அல்லி பூக்கும் வட்டத் தொட்டி ஒன்று. அதைச் சுற்றிப் பெரிய மனிதர்களின் சமாதிகள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கமிஷன் கடைக்காரர்கள் அங்கே உலாவ வருவார்கள். செத்தவர்களுக்கு இடையே நடந்துகொண்டு மல்லியும் மிளகாயும் என்ன விலைக்குப் போகும் என்று பேசுவார்கள். காற்று கிழக்கேயிருந்து அடித்தால் மிளகாய் மூட்டை அடுக்கிய கிட்டங்கிகளின் நெடி அங்கு வரை வரும். அழ வராதவர்களுக்கும் அன்று கண்ணில் நீர் வரும்.

பெண்களுக்கு மட்டும் உள்ளே வேலையில்லை. வாசற்கதவுக்கு வெளியே ஒரு தளக்கல் பதித்திருந்தது. அதுவரை வந்து நின்றுவிட வேண்டும்.

அந்தத் தளக்கல்லைத் தாண்டி நான் முதன்முதலாக உள்ளே போனது, மதுரையில் பி.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்த இரண்டாம் ஆண்டில். பழிவாங்கப் போனேன். இதையே மென்மையாகச் சொல்ல எனக்குச் சொற்கள் தெரியும். அவற்றைப் பயன்படுத்த விருப்பமில்லை.

எனக்குப் பதினொரு வயதானபோது என் தந்தை இறந்தார். நாரணாபுரத்துக்கு அப்பால் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் ஃபோர்மேன். வெடிக்குள் இடும் கலவையை அங்கே மருந்து என்பார்கள். மருந்து கலப்பது விடிகாலை வேலை. வெயில் ஏறினால் கலவைக்கு மூர்க்கம் வந்துவிடும், நிறுத்திவிட வேண்டும். தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த ஒரு புரட்டாசி நடுப்பகலில், லோடு ஏற்ற லாரி வந்து நிற்கிறது என்று சொல்லி, இன்னொரு தட்டு மருந்து கலக்கச் சொன்னார் முதலாளியின் மூத்த மகன். கம்பெனியில் அவரைச் சின்ன முதலாளி என்பார்கள். அந்த அறையில் அப்போது வேலை செய்த பெண்களில் ஒருத்தி, மூன்றாம் நாள் எங்கள் வீட்டுப் புறவாசல் வழியாக வந்து, நடந்ததை அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

“வேணாம் மொதலாளி, வெயிலு ஏறிப்போச்சுன்னு அண்ணாச்சி சொன்னாகக்கா. அதுக்குச் சின்ன மொதலாளி, ‘ஒமக்குப் பயமா இருந்தா வெளிய நில்லும், பொம்பளைக கலக்கட்டும்’னாரு. அண்ணாச்சி எங்க ரெண்டு பேரையும் பாத்தாக. ‘போங்கத்தா, போயி மரத்தடியில சாப்பிடுங்க’ன்னு அனுப்பிட்டு அவுக உள்ள போனாக. நான் தூக்குச்சட்டி மூடியத் தெறக்கல, அதுக்குள்ள...”

அவள் போலீசிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுநாள் அவளுக்கு வேலையில்லை. அவள்மீது எனக்குக் கோபம் இல்லை, வந்து சொன்னாளே.

போலீசிடம் சொன்னவர் சின்ன முதலாளி. ஃபோர்மேன் பீடி குடித்துக்கொண்டே மருந்து கலந்தார், தடுத்தும் கேட்கவில்லை என்றார். பெரிய முதலாளி அதில் கையெழுத்துப் போட்டார். என் தந்தை பீடி குடித்ததில்லை. வெற்றிலைகூடப் போட்டதில்லை. கம்பெனிக்குப் போகும் நாட்களில் அரைஞாணில் கோத்த சாவியைக்கூட இரும்பு, உரசினால் பொறி தட்டும் என்று சொல்லி வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகும் மனிதர் அவர்.

ஆஸ்பத்திரியிலிருந்து உடலை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. பார்க்கும் நிலையில் இல்லை என்று சொல்லி, சின்ன முதலாளியே கம்பெனி லாரியில் ஏற்றி, நேராகத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், உறவினர் கூடுவதற்குள் மண்ணைப் போட்டு மூடிவிட்டார். தீயில் செத்தவர்களுக்கு மேற்குச் சுவரோரம்தான் இடம்; கல் வைக்கும் வழக்கமும் இல்லை. நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவர் மண்வெட்டியைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா தளக்கல்லில் நின்றாள். எந்த இடம் என்று கேட்டாள். “அங்கனதான்” என்று கையை மேற்கே வீசிவிட்டு அவர் லாரியில் ஏறினார்.

அதன் பிறகு பள்ளியில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. பீடிக்காரன் மகள். குடிதண்ணீர்க் குழாயில் வரிசையில் நிற்கும்போது அதைச் சொல்வார்கள். கணக்கு வாத்தியார் ஒருமுறை வகுப்பிலேயே சொன்னார். நான் யாருக்கும் பதில் சொன்னதில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டேன். குறைத்த பேச்சையெல்லாம் எங்கோ ஓரிடத்தில் சேர்த்து வைத்திருந்தேன் என்பது எனக்கே பிற்பாடுதான் தெரிந்தது.

பெரிய முதலாளி இறந்து, அல்லித் தொட்டிக்கு எதிரே அவருக்குப் பளிங்குச் சமாதி எழுப்பியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டது கல்லூரி விடுமுறையில். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போனேன்.

தோட்டக்காரர் வாசலிலேயே மறித்தார். எழுபது வயதிருக்கும். கையில் பூவாளி.

“தாயி, அந்தக் கல்லோட நின்னுக்கணும்.”

“கல்லூரியில் கல்வெட்டுப் பாடம் இருக்கிறது, தாத்தா. இங்கே உள்ளதைப் படித்து எழுதிக்கொண்டு போகணும்.”

“கல்வெட்டா? இங்கன ராசா யாரும் படுக்கலையே. எல்லாம் பருத்தி, மொளகா, பட்டாசு.”

“அதையும் படிக்கத்தான் சொல்லியிருக்காக.”

அவர் பூவாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். “யாரு வீட்டுப் பிள்ளை?”

சொன்னேன். பூவாளியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு திரும்பி நடந்தார். நான் தளக்கல்லைத் தாண்டி அவர் பின்னால் போனேன். மேற்குச் சுவரோரம் உடைமுள்ளும் ஆவாரையும் மண்டிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு வாதநாராயண மரம் மட்டும் செழித்து நின்றது.

“மண்வெட்டி எடுத்துக் கொடுத்தது நாந்தான் தாயி. பொறவு வேற யாரும் வந்து இந்த எடத்தைத் தோண்டிரக்கூடாதேன்னு மறுவாரமே இந்தக் கம்பை ஊணி வச்சேன். நீயோ ஒங்க ஆத்தாளோ கேப்பீகன்னு பாத்தேன். எட்டு வருசமாக் காணோம்.”

நாங்கள் தளக்கல்லைத் தாண்டலாம் என்று எங்களுக்குத் தெரியாதிருந்தது. அந்த மரத்தடியில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று நினைவில்லை. அழவில்லை என்பது நினைவிருக்கிறது. பிறகு பளிங்குச் சமாதியைப் பார்க்கப் போனேன்.

வடக்கேயிருந்து வரவழைத்த வெள்ளைப் பளிங்கு. நாலு தூண், மேலே கூம்பு. முகப்பில் தங்க முலாம் எழுத்தில் இப்படி இருந்தது: தொழிலாளரைத் தாம் பெற்ற மக்களாகப் பேணிய தகையாளர் இங்கே துயில்கிறார். இரண்டு முறை படித்தேன். பிறகு நோட்டில் பிழையில்லாமல் எழுதிக்கொண்டேன். அந்தப் பளிங்கை உடைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. உடைத்தால் புதிதாய் ஒன்று வைப்பார்கள். பழையதை உடைத்தவள் பீடிக்காரன் மகள் என்பார்கள். அதற்கு எதிரே நின்று பதில் சொல்லும் ஒரு பொருள் வேண்டும். அதை அவர்களே அங்கே வைக்கச் சொல்ல வேண்டும்.

வழியைக் காட்டியவர் தோட்டக்காரர்தான். ஆனால் அதற்காக அவர் சொல்லவில்லை. எனக்குப் பொழுதுபோகச் சொன்னார். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கோயிலானாலும் பள்ளிக்கூடமானாலும், ஒரு பொருளைக் கொடுத்தால் அதில் உபயம் என்று போட்டுத் தங்கள் வாசகத்தை எழுதிவிட வேண்டும். எங்கள் ஆட்களின் சங்கம் பார்த்துக்கொள்ளும் தோட்டத்தில் உபயம் எழுதாத பொருள் கிடையாது. கிணற்றுக் கப்பியில் ஒரு பெயர், வாளியில் இன்னொரு பெயர், வாளிக் கயிற்றைக் கட்டும் வளையத்தில் மூன்றாவது பெயர். கிழக்குப் பாதையில் கிடந்த ஒரு கல்பெஞ்சில், “என் தம்பி நீங்கலாக யாவரும் அமரலாம்” என்று வெட்டியிருந்தது.

“பாகப்பிரிவினைச் சண்டையில போட்டது” என்று சிரித்தார் தோட்டக்காரர். “தம்பிக்காரரு சங்கத்துல போயி, இதை எடுங்கன்னு குதிச்சாரு. உபயத்தை எடுக்கணும்னா சங்கத்துல ஒரு சட்டம் இருக்கு தாயி. பொதுக்கூட்டம் போட்டு, அதுல எழுதியிருக்கதை மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் சத்தமாப் படிச்சு, எல்லாரும் கை தூக்கணும். காரியதரிசி எந்திரிச்சு, ‘என் தம்பி நீங்கலாக’ன்னு படிச்சாரோ இல்லையோ, மண்டபமே சிரிச்சிருச்சு. தம்பிக்காரரு துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய வந்துட்டாரு. இப்ப ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வந்து அதுலதான் உக்காந்திருக்காரு. அண்ணன் செத்து நாலு வருசம் ஆச்சு.”

சிரித்துக்கொண்டே கேட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் சிரிப்பு நின்றுவிட்டது.

சங்கத்துக்கு அதற்கு முன்பே ஒரு விண்ணப்பம் போயிருந்தது என்று விசாரித்து அறிந்தேன். நினைவு நாளில் வரும் பெரியவர்கள் உட்கார, தம் தந்தையின் சமாதிக்கு எதிரே ஒரு பெஞ்சு போட்டால் நன்றாக இருக்கும், யாராவது உபயம் செய்யலாம் என்று சின்ன முதலாளியே கேட்டிருந்தார். தாமே போட்டுக்கொள்ளலாம், ஆனால் தன் தகப்பன் சமாதிக்குத் தானே பெஞ்சு போட்டால் அதில் பெருமை இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். அவள் தீப்பெட்டிக்குத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

“கல்லுல எழுதிட்டா செத்தவரு எந்திரிச்சா வரப் போறாரு?”

“எந்திரிக்க வேண்டாம். இருக்கிறவுக படிக்கட்டும்.”

“படிச்சா?”

“படிச்சா, அவுக பொய்யி சொன்னாகன்னு தெரியும்.”

“தெரிஞ்சா?”

அம்மா இன்னும் நாலு பெட்டி ஒட்டினாள். பிறகு பசைக் கையோடு எழுந்து, புறவாசலுக்குப் போய், துவைகல்லைக் காட்டினாள். அப்பாவின் சட்டைகளை அவள் அடித்துத் துவைத்த கல். அலுமினியத் தூள் படிந்த சட்டைகளிலிருந்து வெள்ளியாய் ஒரு நீர் ஓடும். அதைப் பார்க்க நான் சிறுவயதில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

“இதை எடுத்துட்டுப் போ. நல்ல கல்லு. மேலப்பட்டியில இருந்து எங்கப்பா வண்டியில கொண்டாந்து போட்டது. நான் தரையில துவைச்சுக்கிறேன்.”

வாசகத்தை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. முதல் நாள் எழுதியதில் கொலை என்ற சொல் இருந்தது. இரண்டாம் நாள் பாவி என்ற சொல் இருந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு சொல்லை எடுத்தேன். திட்டுவதற்கு ஒரு சொல்கூட இல்லாதபோதுதான் அது தாங்கமுடியாததாக இருக்கும் என்று எனக்குப் பட்டது. பெயர்கள் கல்லில் இருக்கின்றன, இங்கே விட்டுவிடுகிறேன். மற்றபடி வாசகம் இது:

புரட்டாசி நடுப்பகலில், வெயில் ஏறிய பின், சின்ன முதலாளியின் உத்தரவுப்படி மருந்து கலந்து இறந்த ஃபோர்மேன் நினைவாக. உடனிருந்த இரு பெண்களை வெளியே அனுப்பிவிட்டு அவர் உள்ளே சென்றார். அவருக்கு எந்நாளும் பீடி குடிக்கும் வழக்கம் இல்லை. உபயம்: மனைவி, மகள்.

இதைத் தாளில் நல்ல கையெழுத்தில் எழுதி, சங்கத்துக் காரியதரிசியிடம் நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒளிக்கவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை. தாளைத் தூரத்தில் நீட்டிப் பிடித்து, அடியில் உபயம் என்று இருக்கிறதா என்று பார்த்தார்.

“பழசையெல்லாம் மறந்துட்டு ஒங்கம்மா அந்த வீட்டுச் சமாதிக்கே பெஞ்சு போடுறாக பாத்தியா, அதாம்மா பெரிய மனசு” என்றார். கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

கல் கொத்தும் ஆசாரிக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. முழுதும் படித்தார். “உபயம் மாதிரி தெரியலையே தாயி. பிராது மாதிரில்ல இருக்கு” என்றார்.

“கொத்துவீகளா?”

“முத்திரை இருக்கே. கொத்தாம என்ன?” தாளை மடித்து மடியில் செருகினார். “எங்க மச்சினன் பொண்டாட்டிக்கு அந்தக் கம்பெனியிலதான் ரெண்டு கையும் வெந்துபோச்சு. ஆழமாவே கொத்துறேன்.”

துவைகல்லைச் சாய்மானமாக நிறுத்தி, உட்காருவதற்கு வேறொரு பலகைக்கல்லை வைத்தோம். எழுத்து சமாதியைப் பார்த்து நின்றது. அங்கே கும்பிட்டுவிட்டுத் திரும்பும் எவனும் அதன் முகத்தில்தான் திரும்ப வேண்டும். தூரத்தை நான் அடியெடுத்து அளந்துவைத்திருந்தேன்.

வைகாசியில் நினைவு நாள். வீட்டுப் பெண்கள் வாசலில் காருக்குள் உட்கார்ந்திருக்க, ஆண்கள் மாலையும் கற்பூரத்தட்டுமாக உள்ளே வந்தார்கள். நான் புங்கமரத்தடியில் தோட்டக்காரர் பக்கத்தில் நின்றேன். சின்ன முதலாளி கற்பூரம் காட்டினார், மூன்று முறை சுற்றினார், நெற்றியில் நீறு பூசிக்கொண்டு திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் உதடுகள் படிப்பதை நான் பார்த்தேன். கடைசி வரிக்கு வந்ததும் மறுபடி முதல் வரிக்குப் போனார். அந்த ஒரு நிமிடத்துக்காக ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தேன். அது இனிப்பாகத்தான் இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

“யாருய்யா இதை இங்கன போட்டது? எடுங்கய்யா! இப்பவே எடுங்க!”

காரியதரிசி அன்று கண்ணாடியோடு வந்திருந்தார். படித்து முடித்தபோது அவர் முகத்தில் இரத்தம் இல்லை. “நீங்கதான் பெஞ்சு கேட்டீக...” என்று ஆரம்பித்து, “எடுக்கணும்னா பொதுக்கூட்டத்துல... முழுசாப் படிக்கணுமே முதலாளி. சட்டம் அப்படி” என்று முடித்தார்.

“முழுசாவா?”

“உபயம் வரைக்கும்.”

மண்டபத்தில் முந்நூறு பேருக்கு முன்னால் அந்த நான்கு வாக்கியங்களும் சத்தமாகப் படிக்கப்படுவதை அவர் மனத்துக்குள் கேட்டிருக்க வேண்டும். கூட்டம் கூட்டச் சொல்லி அவர் எழுதிக் கொடுக்கவேயில்லை.

மறு ஆண்டு அவருக்கு ஒரு யோசனை. பெரியவர்கள் சாய்ந்துகொள்ள மெத்தென்றிருக்கட்டும் என்று சொல்லி, பெஞ்சின்மேல் சாய்மானத்தோடு சேர்த்து ஒரு ஜமுக்காளத்தைப் போர்த்திவிட்டார். அதைவிடப் பெரிய உதவியை எனக்கு யாரும் செய்ததில்லை. சும்மா கிடந்தபோது பாதிப்பேர் அந்தக் கல்லைக் கவனிக்கவேயில்லை. வைகாசி வெயிலில் கல்பெஞ்சுக்கு ஜமுக்காளம் எதற்கு என்று இப்போது எல்லோருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. சாத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னால் விரலை விட்டு, ஓரத்தைத் தூக்கினார். படித்தார். பக்கத்தில் இருந்தவரைத் தட்டினார். “ஏலே, இங்க வா. இதைப் படி.” பத்து நிமிடத்தில் பளிங்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டம் முழுதும் இந்தப் பக்கம் நின்றது.

“அப்ப பீடி குடிச்சாருன்னது?”

“அதுதான் எழுதியிருக்கே, குடிக்கிறதில்லைன்னு.”

“மத்தியானத்துல யாராவது மருந்து கலக்கச் சொல்லுவானா? கேணப்பய.”

கேணப்பயல் என்று சொன்னவர் அந்த வீட்டுக்கே சம்பந்தி.

சின்ன முதலாளி நேராகப் புங்கமரத்தடிக்கு வந்தார். அதுவரை என்னைப் பார்த்திருந்தும் பார்க்காததுபோல் இருந்தவர்.

“ஏ பிள்ளை, என்னதான் வேணும் ஒனக்கு? ஒங்கப்பாருக்கும் ஒரு சமாதி கட்டித் தாறேன். இதே பளிங்கு. இதே எழுத்து. நீயே எழுதிக் குடு, என்ன வேணாலும் எழுது. அந்தக் கல்லை மட்டும் நீங்களா எடுத்திருங்க. கொடுத்தவுகளே எடுத்தா கூட்டம் வேண்டியதில்லையாம்.”

நான் அவரோடு பேசிய முதல் வாக்கியம் இது. அதையும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன் என்று சொன்னால் நம்புவதற்கு ஆளில்லை.

“சரி. அப்பாவைப் புதைத்த இடத்தைக் காட்டுங்க. அங்கே கட்டலாம்.”

அவர் மேற்கே பார்த்தார். கையை வீசவில்லை. உறவினர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அங்கனதான்...” என்றார்.

“அங்கன எங்கே?”

அவர் நடந்தார். பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உடைமுள்ளுக்குள் இறங்கினார். சுவரோரம் ஓரிடத்தில் நின்று, “இங்கன” என்றார். பிறகு பத்தடி நகர்ந்து, “இல்ல, இந்தப் பக்கம்” என்றார். வேட்டி முள்ளில் மாட்டியது. குனிந்து எடுத்துவிட்டார். வாதநாராயண மரத்தின் நிழலில் சற்று நின்று நெற்றியைத் துடைத்தார். துடைத்துவிட்டு அதையும் கடந்து போனார். சூரியன் நேர் உச்சியில் இருந்தது. வாசலில் காருக்குள்ளிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

தோட்டக்காரர் என் பக்கம் திரும்பினார். “தாயி...” என்றார் மெதுவாக. சொல்லிவிடட்டுமா என்று கேட்கும் முகம்.

வேண்டாம் என்று தலையசைத்தேன். பிறகு போய், ஜமுக்காளத்தை எடுத்து மடித்துக் கீழே வைத்துவிட்டு, அம்மாவின் துவைகல்லில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். கல் சுட்டது. அவர் சுவர் முடியும் வரை போய், மறுபடி திரும்பி வந்து, தேடிக்கொண்டிருந்தார். நான் எழுந்திருக்கவில்லை.